சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்கள்

ஆப்பிரிக்காவின் பசியையும் போரையும் காட்டும் ஆவணப்படங்களைக் கொஞ்சம் கறாராக விமர்சித்தால் போதும், கையோடு ஒரு பதில் வந்துவிடும். "குறைகள் இருக்கட்டும். அந்தப் படங்கள் வந்திராவிட்டால் உலகம் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்காது. பார்த்ததால் மனம் இளகியது, இளகியதால் உதவி போனது, உதவி போனதால் உயிர்கள் பிழைத்தன. பட்டினி கிடப்பவனுக்குக் கேமரா கோணம் ஒரு கேடா?" தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் விருது மேடைகளிலும், நம்மூரில் திரையிடல் முடிந்து தேநீரோடு நடக்கும் கலந்துரையாடல்களிலும் இதே பதில்தான். எதிர்த்துப் பேசுகிறவரை ஈரமற்றவர் என்று காட்டிவிடும் வசதி இதற்கு உண்டு. அதனாலேயே இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

உரசிப் பார்ப்போம். இந்த வாதத்தின் தலைமைச் சாட்சியிடமிருந்தே தொடங்கலாம்.

1984 அக்டோபர் 23 அன்று பிபிசியில் ஏழு நிமிடச் செய்திப்படம் ஒன்று ஒளிபரப்பானது. எத்தியோப்பியாவின் வடக்கே கோரெம் முகாம். விடியற்காலைக் குளிரில் தரையோடு தரையாகச் சுருண்டு கிடந்த ஆயிரக்கணக்கானவர்கள், துணியில் சுற்றி வரிசையாகக் கிடத்தப்பட்ட பிணங்கள். படம்பிடித்தவர் நைரோபியில் பிறந்த முகமது அமீன். பேசியவர் மைக்கேல் பியூர்க். உலகெங்கும் 400க்கும் மேற்பட்ட தொலைக்காட்சி நிலையங்கள் அதை ஒளிபரப்பின. அதைப் பார்த்த பாடகர் பாப் கெல்டாஃப் மற்றப் பாடகர்களைத் திரட்டினார். டிசம்பரில் இசைத்தட்டு வந்தது, மறு ஆண்டு ஜூலை 13 அன்று லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி நடந்தது. அது செய்திப்படம்தான், ஆவணப்படம் அல்ல என்று ஒருவர் குறுக்கிடலாம். சரி. ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஆப்பிரிக்கத் துயரத்தைப் படமாக்குவதற்கு இலக்கணம் வகுத்தது அந்த ஏழு நிமிடம்தான்.

அமீனின் படப்பிடிப்பில் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மறக்க முடியாத வேலை அது. என் வழக்கு, அந்தக் காட்சிகளின்மேல் ஏறி உட்கார்ந்த விளக்கத்தோடு. பைபிள் காலத்துப் பஞ்சம் இருபதாம் நூற்றாண்டில் வந்துவிட்டதாக பியூர்க் வர்ணித்தார். பைபிள் காலத்துப் பஞ்சத்துக்கு யார் பொறுப்பு? வானம். மிஞ்சிப்போனால் கடவுள். இருவரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது.

கோரெமுக்கு அந்த மக்கள் வந்து சேர்ந்த கதை வேறு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்க்கும் முன்பே திக்ராயிலும் எரித்ரியாவிலும் மெங்கிஸ்து ஹைலே மரியத்தின் ராணுவ ஆட்சி, மக்கள் அதை 'தெர்க்' என்பார்கள், கிளர்ச்சியாளர்களோடு போர் நடத்திக்கொண்டிருந்தது. பயிர்களும் தானியக் குதிர்களும் எரிக்கப்பட்டன. சந்தை கூடும் நாட்களில் விமானங்கள் குண்டு வீசின. உள்ளூர் விளைச்சல் பொய்த்தால் பக்கத்து மாவட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போவதும், ஆட்டை மாட்டை விற்றுத் தானியம் வாங்கி வருவதும் அந்த மலைநாட்டு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாய்க் கற்று வைத்திருந்த பிழைப்பு வழிகள். நடமாட்டத்துக்கும் வணிகத்துக்கும் போட்ட தடைகளால் அந்த வழிகளும் அடைபட்டன. பஞ்சம் முற்றிக்கொண்டிருந்த 1984 செப்டம்பரில் அதே அரசு தன் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைத் தலைநகரில் கோடிக்கணக்கில் செலவழித்துக் கொண்டாடியது. செத்தவர்கள் குறைந்தது நான்கு லட்சம் பேர், சிலர் கணக்கில் பத்து லட்சம். இதில் வானத்தின் பங்கு எவ்வளவு, மெங்கிஸ்துவின் பங்கு எவ்வளவு என்று கேட்கும் இடமே அந்த ஏழு நிமிடத்துக்குள் இல்லை.

"அதெல்லாம் அரசியல். உதவி போனதா இல்லையா?"

போனது. விமானங்களில் கோதுமை போனது, மருந்து போனது, அதனால் பிழைத்தவர்களும் உண்டு. இதை மறுப்பது அயோக்கியத்தனம். ஆனால் கோதுமை இறங்கிய பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பசித்தவர்களில் பெரும்பகுதியினர் கிளர்ச்சியாளர் பிடியிலிருந்த ஊர்களில் இருந்தார்கள். உதவியின் பெரும்பகுதியோ அரசின் பிடியிலிருந்த பக்கத்துக்கே போனது. சூடான் எல்லை வழியாகத் திக்ராய் நிவாரணச் சங்கம் போன்றவை இரவுகளில் லாரி ஓட்டிக் கொண்டுசேர்த்ததுதான் எதிர்ப்பக்கம் கண்ட உதவி. அந்த லாரிகளை எந்த இசை நிகழ்ச்சியிலும் காட்டவில்லை. அரசோ நிவாரணத் தானியத்தைத் தூண்டில் முள்ளாக்கியது. சோறு கிடைக்கும் என்று வந்தவர்களை வளைத்து வண்டியேற்றி, சுமார் ஆறு லட்சம் பேரை வடக்கிலிருந்து தென்மேற்கின் மலேரியா தாழ்நிலங்களுக்கு அனுப்பியது. 'மறுகுடியேற்றம்' என்று பெயர். வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் செத்தவர்கள் ஐம்பதாயிரத்துக்குக் குறையமாட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இதை வெளியே சொன்ன 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. மனம் இளகிய உலகம் இதற்கு என்ன செய்தது? பெரும்பாலான நிறுவனங்கள் வாயை மூடிக்கொண்டு கோதுமை இறக்கின. குற்றவாளியே இல்லாத கதையை நம்பி வந்த பணம், குற்றவாளி கண்முன்னே நின்றபோதும் அவனை அடையாளம் காணவில்லை. காணும்படி யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இந்த இலக்கணம் ஆப்பிரிக்காவுக்கென்று புதிதாக உண்டாக்கப்பட்டதும் அல்ல. நம் தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தின் எலும்புக்கூடுகளை வரிசையாக உட்கார்த்திப் படம்பிடித்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. இன்றும் பஞ்சம் பற்றிய எந்தத் தமிழ்க் கட்டுரையோடும் அவருடைய படங்கள்தான் அச்சாகின்றன. அவற்றில் வைஸ்ராய் லிட்டன் இல்லை. நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கூலியை வெட்டிய ரிச்சர்ட் டெம்பிள் இல்லை. பஞ்சம் நடக்கும்போதே கப்பலேறிப் போன தானியம் இல்லை. ஹூப்பரின் சட்டகத்துக்குள் இருப்பவர்கள் எல்லோரும் சாகிறவர்கள், சாகடித்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். அந்தப் படங்களில் இருப்பவர்கள் நம் பூட்டன் பூட்டிகள் என்பதால் நமக்கு இது உடனே புரிகிறது. எத்தியோப்பியாவைப் பார்க்கும்போது மட்டும் ஏன் 'ஐயோ பாவம், மழை இல்லை' என்று நிறுத்திக்கொள்கிறோம்?

கோரெமுக்குப் பதினோரு ஆண்டு முந்தைய ஒரு சம்பவம் இந்த வாதத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. 1973 அக்டோபரில் ஜொனாதன் டிம்பிள்பி என்ற பிரிட்டிஷ் செய்தியாளர் எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணப் பஞ்சத்தைப் படமாக எடுத்தார். பேரரசர் ஹைலே செலாசியின் அரசு மூடி மறைத்திருந்த பஞ்சம் அது. அமர்த்திய சென் பின்னாளில் இதே பஞ்சத்தை ஆராய்ந்து, நாட்டில் மொத்த உணவுக்குப் பெரிய தட்டுப்பாடு இருக்கவில்லை, வொல்லோவிலிருந்து தானியம் வெளியே கூடப் போயிருக்கிறது, வாங்கும் சக்தி செத்ததால்தான் மக்கள் செத்தார்கள் என்று காட்டினார். டிம்பிள்பியின் படம் ஐரோப்பாவில் வழக்கம்போல் நிதி திரட்டித் தந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் 1974 செப்டம்பரில் எத்தியோப்பிய ராணுவ அதிகாரிகள் அந்தப் படத்தை எடுத்து, நடுநடுவே அரண்மனை விருந்துகளையும் பேரரசர் தம் நாய்களுக்குத் தீனி கொடுக்கும் காட்சிகளையும் வெட்டி ஒட்டித் தொலைக்காட்சியில் போட்டார்கள். மறுநாள் செப்டம்பர் 12, பேரரசர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்.

ஒரே படம்தான். பசியை மட்டும் காட்டியபோது நிதி வசூலானது. பசியின் பக்கத்தில் பொறுப்பாளியை வைத்தபோது மூவாயிரம் ஆண்டுப் பெருமை பேசிய முடியாட்சி விழுந்தது. அப்படி வெட்டி ஒட்டிய அதே அதிகாரிகள்தான் பத்தாண்டு கழித்து கோரெமை உண்டாக்கினார்கள் என்பது இதில் பொதிந்திருக்கும் விஷம். ஆக, குற்றவாளியைக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கொலைகாரனும் குற்றம் சாட்டுவான். ஆனால் பசிக்கும் அதிகாரத்துக்கும் இடையே இருக்கும் கோட்டைப் படம் வரைந்தால் என்ன ஆகும் என்பது மெங்கிஸ்துவுக்குத் தெரிந்திருந்தது. நம் கருணையாளர்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்தது, 'படம்தான் உலகை எழுப்புகிறது' என்ற பெருமை. எப்போது எழுப்புகிறது என்று யாராவது கேட்டதுண்டா? நைஜரில் 2004இல் வெட்டுக்கிளியும் வறட்சியும் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே எச்சரிக்கைகள் போய்விட்டன. பணம் வரவில்லை. 2005 ஜூலையில் எலும்பும் தோலுமான குழந்தைகள் பிபிசி திரையில் தோன்றிய பிறகே கொட்டியது. தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் ஒரு குழந்தைக்கு ஒரு டாலர் ஆகியிருக்கும், இப்போது எண்பது டாலர் ஆகிறது என்று ஐநாவின் அவசர நிவாரணத் தலைவர் யான் ஏகலாந்து அப்போது வெளிப்படையாகவே புலம்பினார். இதைப் படங்களின் வெற்றி என்று எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. விலாவெலும்பு தெரியாத குழந்தையைப் பார்த்து இளகாமலிருக்கப் பார்வையாளரைப் பழக்கியதே முந்தைய படங்கள்தான். தானிய விலை ஏறுவதற்கும் மாட்டு விலை சரிவதற்கும் காட்சி மதிப்பு இல்லை. பெண்கள் காதணியை அடகு வைப்பதற்குக் கொஞ்சம் இருக்கலாம். குழந்தை காய்ந்து சுருங்கும்வரை காத்திருக்கும் ஏற்பாட்டை உருவாக்கிவிட்டு, சுருங்கிய பிறகு வந்து சேர்ந்த பணத்தைச் சாதனைக் கணக்கில் எழுதுகிறார்கள்.

அந்தப் படங்கள் உண்டாக்கிய பழக்கத்தின் அளவை பிரிட்டனில் 2002இல் விஎஸ்ஓ என்ற தன்னார்வ நிறுவனம் கேட்டறிந்தது. வளரும் நாடுகள் என்றதும் பஞ்சம், பேரழிவு, மேற்கின் உதவி என்பவையே நினைவுக்கு வருவதாக நூற்றுக்கு எண்பது பேர் சொன்னார்கள். நம்மை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ஒல்லியான பையனுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் என்ன பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் போதும். சோமாலியாவைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே செய்தி அது.

இனி 'உயிர்பிழைத்தல்'. இந்த வகைப் படங்களின் விளம்பரத்தில் தவறாமல் வரும் சொற்கள்: மன உறுதி, நம்பிக்கை, மீண்டெழும் ஆன்மா. பிழைப்பு ஏதோ நெஞ்சுக்குள் சுரக்கும் திரவம் என்பதுபோல. அலெக்ஸ் டி வால் என்ற ஆய்வாளர் 1984-85 பஞ்சத்தில் சூடானின் தார்ஃபூரில் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தார். வெளியிலிருந்து வந்த தானியம் தாமதமாக, கொஞ்சமாக வந்தது. மக்கள் எதைத் தின்று பிழைத்தார்கள்? அதில் முக்கியமானது 'முகெய்த்' என்ற காட்டுப்பழம். அதன் விதை அப்படியே தின்றால் நஞ்சு. நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றிக் கசப்பெடுத்த பிறகே வாயில் வைக்க முடியும். எந்த மரம், எத்தனை ஊறல், எந்தக் கிணறு என்பதெல்லாம் பெண்கள் காப்பாற்றி வைத்திருந்த அறிவு. அதைவிட வியப்பான ஒன்று: விதைத் தானியத்தையும் மிச்ச ஆடு மாடுகளையும் விற்றுத் தின்னாமல், வேண்டுமென்றே பசி கிடந்தார்கள். அடுத்த மழைக்கு விதைக்க எதுவும் இல்லாமல் போவதைவிட இன்று வயிறு காய்வது மேல் என்ற கணக்கு. செத்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். அவர்களில் மிகப் பலரைக் கொன்றது சோறின்மையைவிடத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் கெட்ட தண்ணீரும்.

இந்த மனிதர்களைக் கோரெம் இலக்கணத்தில் படம்பிடித்தால் என்ன தெரியும்? வற்றிய உடம்பு தெரியும். கொட்டிலில் நிற்கும் ஆட்டைக் காட்டினால் படம் கெட்டுவிடும், 'ஆடு வைத்துக்கொண்டா பட்டினி?' என்று பார்வையாளர் கேட்பார். ஆகவே ஆடு வெட்டப்படும், கத்தரிக்கோலால். குடும்பத்தை நடத்தத் தெரிந்தவர், கணக்குப் போடத் தெரிந்தவர், கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் நினைவில் வைத்திருப்பவர் படத்தொகுப்பு மேசையில் காணாமல் போய், கையேந்தும் ஓர் உருவம் மிஞ்சும். இவர்களுக்கு உணவு தவிர வேறென்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் தடுப்பூசி, கிணறு, மாட்டுக்குத் தீவனம் என்று பதில் வந்திருக்கும். கேட்பதற்குப் படத்தில் ஆள் வேண்டுமே.

2012 மார்ச் 5 அன்று இணையத்தில் வெளியான 'கோனி 2012' இந்த இலக்கணத்தின் உச்சம். உகாண்டாவில் பிள்ளைகளைக் கடத்திப் படைவீரராக்கிய ஜோசஃப் கோனியைப் பிடிக்கச் சொல்லும் அரைமணிநேரப் படம். ஆறே நாளில் பத்துக் கோடி பார்வைகள். "பார்த்தீர்களா, இதில் குற்றவாளியின் பெயரே தலைப்பில் இருக்கிறதே" என்று எனக்கே திருப்பலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பெயர், மற்றப் பெயர்களை மறைக்கும் பெயர். கோனியின் படை 2006 வாக்கிலேயே உகாண்டாவைவிட்டு வெளியேறியிருந்தது. வடக்கு உகாண்டாவின் அச்சோலி மக்களை 1996 முதல் 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' என்ற முகாம்களில் அடைத்தது உகாண்டா ராணுவம். 2005இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமும் உலகச் சுகாதார நிறுவனமும் எடுத்த கணக்கின்படி அங்கே வாரத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் இயல்புக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் நோயால், முகாம் வாழ்க்கையால். அதிபர் முசவேனி அமெரிக்காவின் நண்பர், எனவே அவர் சட்டகத்துக்கு வெளியே. அந்தப் படத்தின் நாயகன் யார் என்றால் அதை எடுத்த அமெரிக்கரே, துணைக்கு அவருடைய சின்ன மகன். மார்ச் 13 அன்று வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் உள்ளூர் இளைஞர் அமைப்பு ஒன்று திரை கட்டி இதைக் காட்டியது. ஆயிரக்கணக்கில் கூடினார்கள். தங்களை வதைத்தவனின் பெயர் பொறித்த பனியனை விற்பதைக் கண்டு கொதித்துப்போய்க் கல்லெறிந்தார்கள். உதவி பெறுகிறவர் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகத் தெளிவான விமர்சனம் அந்தக் கல். கோனியை 2017 வரை தேடிவிட்டு, அமெரிக்காவும் உகாண்டாவும் பிடிக்காமலேயே கைவிட்டன.

அதே வடக்கு உகாண்டா முகாம் ஒன்றில் எடுத்த 'வார்/டான்ஸ்' என்ற 2007ஆம் ஆண்டுப் படம் இதைவிட எவ்வளவோ நாகரிகமானது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பட்டோங்கோ முகாமின் பிள்ளைகள் கம்பாலாவில் நடக்கும் தேசிய இசைப்போட்டிக்குப் போகிறார்கள். ஆட்டம் அற்புதம், ஒளிப்பதிவு அழகு. அவ்வளவு பிள்ளைகள் ஏன் முகாமில் இருக்கிறார்கள், அடைத்தவர் யார் என்பதைப் படம் துருவுவதில்லை. அவர்கள் ஆடி ஜெயித்தால் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வேறொரு கூட்டம் எனக்குக் கைகொடுக்க வரும். அந்தக் கையை நான் தட்டிவிட வேண்டியிருக்கிறது. "சரியாகச் சொன்னீர்கள், ஆப்பிரிக்கா என்றால் பசி மட்டுமா? லாகோஸின் கோபுரங்களைக் காட்டுங்கள், நைரோபியின் கணினி நிறுவனங்களைக் காட்டுங்கள்" என்பவர்கள். இவர்களுக்கு முன்னோடி யார் தெரியுமா? 2005இல் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது, தம் மக்கள் நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறார்கள் என்று பேட்டி கொடுத்த நைஜர் அதிபர் மமாது தாஞ்சா. வொல்லோவை மறைத்த ஹைலே செலாசி. தன்மானம் பேசிக்கொண்டே சவக்குழியை மூடுகிறவர்கள். ஹூபர்ட் சாவ்பரின் 'டார்வின்ஸ் நைட்மேர்' 2004இல் வந்தது. அது நாட்டின் பெயரைக் கெடுப்பதாக 2006இல் தான்சானிய அதிபர் கிக்வேட்டே சீறினார். விக்டோரியா ஏரியின் நைல் பெர்ச் மீன், சதை முழுவதும் ஐரோப்பாவுக்கு விமானமேற, முள்ளும் தலையும் உள்ளூர்க்காரர் தட்டுக்கு வருவதைக் காட்டிய படம் அது. மீன் ஏற்ற வரும் விமானங்கள் ஆயுதம் இறக்குகின்றன என்ற அதன் வாதம் போதிய சான்றில்லாமல் நிற்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு மீனின் சதையையும் முள்ளையும் தொடர்ந்து போய் யாருக்கு எது போகிறது என்று கேட்ட படம். அதற்கான விலையைக் கொடுத்தவர் ஆஸ்திரிய இயக்குநர் அல்லர், படத்தில் பேசியதற்காகக் காவல்துறையால் துன்புறுத்தப்பட்ட தான்சானியப் பத்திரிகையாளர். அழுகைப் படமும் பளபளப்புப் படமும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். மூவாயிரம் மைல் தள்ளி லாபம் பார்ப்பவனையும் பக்கத்தில் நின்று கையெழுத்திடும் அமைச்சரையும் விட்டுவிடுவதில் இரண்டும் ஒன்று.

"இப்படியெல்லாம் குறை சொன்னால் எப்படித்தான் எடுப்பது?" என்பார்கள். எடுத்திருக்கிறார்கள். செனகலின் சாஃபி ஃபாயே 1975இலேயே தம் சொந்த செரேர் கிராமத்தில் 'கத்து பேய்காத்' எடுத்தார். சாஹேல் வறட்சி பற்றி ஐரோப்பிய கேமராக்கள் மாட்டு எலும்புகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்த காலம். அவர் ஊர் மரத்தடியில் கேமராவை வைத்தார். விவசாயிகள் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திணித்த நிலக்கடலையை மட்டுமே விதைக்க வேண்டியிருப்பது, விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன், கொள்முதல் விலை. விளைச்சல் கைவிட்டதால் பெண் கேட்டுப் போக முடியாத இளைஞன் டாக்காருக்கு வேலை தேடிப் போகிறான். ஓர் எலும்புக்கூடு கிடையாது. செனகல் அரசு அந்தப் படத்தைத் தடைசெய்தது. மாட்டு எலும்புகளைக் காட்டிய படங்கள் எதற்கும் அந்தப் பயத்தை உண்டாக்கத் தெரியவில்லை.

ஹஜூஜ் குகாவின் 'பீட்ஸ் ஆஃப் த அண்டோனோவ்' 2014இல் வந்தது. நூபா மலைகளிலும் நீல நைல் மாநிலத்திலும் சூடான் அரசு அண்டோனோவ் சரக்கு விமானங்களின் பின்கதவு வழியாகக் குண்டுகளை உருட்டிவிட்டுக்கொண்டிருந்தது. விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடுகிறார்கள், போனதும் வெளியே வந்து சிரிக்கிறார்கள், தட்டுமுட்டுச் சாமான்களில் செய்த ரபாபாவை மீட்டுகிறார்கள். 'போரிலும் பாட்டு' என்று விழா மலர்கள் உருகுவதற்கு இடம் கொடுத்துவிட்டு, படம் அங்கே நிற்காமல் மேலே போகிறது. அரபியர்தானா நாம், கறுப்பர்தானா, தோலை வெளுக்க வைக்கும் களிம்பை ஏன் பூசுகிறோம், எந்த அடையாளத்தின் பெயரால் கார்ட்டூம் நம்மேல் குண்டு போடுகிறது என்று குண்டு விழும் ஊர்க்காரர்களே விவாதிக்கிறார்கள். உதவி கேட்பதைவிட அவர்களுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது காங்கோவின் தியூதோ ஹமாதி 2020இல் எடுத்த படம். ஆங்கிலத்தில் 'டவுன்ஸ்ட்ரீம் டு கின்ஷாசா'. 2000 ஜூனில் கிசங்கானி நகருக்குள் உகாண்டா ராணுவமும் ருவாண்டா ராணுவமும் ஒன்றோடொன்று ஆறு நாள் சண்டையிட்டன. இருவருக்கும் சொந்தமில்லாத நகரம், ஆயிரக்கணக்கான எறிகுண்டுகள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், பலர் கை கால் இழந்தார்கள். 2005இல் சர்வதேச நீதிமன்றம் உகாண்டா இழப்பீடு தர வேண்டும் என்றது. தொகை முடிவாகவில்லை. ருவாண்டாமீதான வழக்கை விசாரிக்கவே தனக்கு அதிகாரம் இல்லை என்று மறு ஆண்டு அது சொல்லிவிட்டது. இருபது ஆண்டாக ஒரு பைசா பார்க்காத கிசங்கானி மாற்றுத்திறனாளிகள், தங்கள் சங்கத்தின் சார்பில், செயற்கைக் கால்களையும் ஊன்றுகோல்களையும் எடுத்துக்கொண்டு காங்கோ ஆற்றில் சரக்குப் படகில் ஏறி, ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் போல, தலைநகருக்குப் போகிறார்கள். படகின் மேல் தார்ப்பாய், மழையில் நனையும் மூட்டைகள், ஒருவரை ஒருவர் எரிச்சலோடு திட்டிக்கொள்ளும் பயணிகள். கின்ஷாசாவில் நாடாளுமன்ற வாசலில் காவலர்கள் தடுக்கிறார்கள். அவர்கள் நம்மைப் பார்த்துக் கை நீட்டுவதே இல்லை. அவர்களுக்கு நம்மிடமிருந்து எதுவும் வேண்டாம். வரவேண்டிய பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரைத் தேடிப் போகிறார்கள். 2022 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் உகாண்டா 32.5 கோடி டாலரைக் காங்கோவுக்கு ஐந்து தவணைகளில் கட்ட வேண்டும் என்றது. அது படத்தால் வந்த தீர்ப்பல்ல, அப்படிச் சொன்னால் நானும் எதிராளியின் வாதத்தையே வேறு சட்டை போட்டுச் சொல்கிறவன் ஆவேன். அரசின் கைக்கு வந்த பணம் கிசங்கானிக்காரர் கைக்குப் போய்ச் சேர்வது தனிப் போராட்டம். அந்தப் போராட்டம் ஒன்று இருக்கிறது என்பதையாவது ஹமாதியின் படம் பார்த்தவர் அறிவார்.

கடைசியாக ஒரு வாதம் மிஞ்சும். இத்தகைய படங்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கொஞ்சம் பேர்தான். பணம் ஐரோப்பிய, அமெரிக்கத் தொலைக்காட்சிகளிடமும் நிதியங்களிடமும் இருக்கிறது, அவர்கள் கேட்பது கோரெம் வகைதான் என்பதும் உண்மை. நெதர்லாந்தின் ரென்சோ மார்ட்டென்ஸ் 2008இல் எடுத்த 'என்ஜாய் பாவர்ட்டி' படத்தில், கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் காங்கோ இளைஞர்களிடம், ஊட்டமற்ற குழந்தைகளை எடுத்தால் வருமானம் பல மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அவர்களும் எடுத்துக்கொண்டு தொண்டு மருத்துவ அமைப்பு ஒன்றின் அலுவலகத்துக்குப் போகிறார்கள். வெளிநாட்டுப் படக்காரர்களுக்குத் திறந்த கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. குரூரமான படம், அதில் மார்ட்டென்ஸ் நடந்துகொள்ளும் விதத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவின் துயரமும் ஓர் ஏற்றுமதிச் சரக்கு, அதன் லாபமும் கோப்பியைப் போல, கோகோவைப் போல வெளியே போகிறது என்பதை இவ்வளவு நேராக வேறு யாரும் காட்டியதில்லை. சந்தை இப்படி இருக்கிறது என்பது அந்தச் சரக்கு நல்லது என்பதற்கு ஆதாரமாகாது.

'பார்த்தால் உலகம் செயல்படும்' என்ற நம்பிக்கையை இப்போது தார்ஃபூர் சோதித்துப் பார்த்துவிட்டது. அங்குள்ள எல் ஃபாஷர் நகரை அதிரடி ஆதரவுப் படை என்ற துணை ராணுவம் 2024 மே முதல் முற்றுகையிட்டது. பக்கத்து ஸம்ஸம் முகாமில் 2024 ஆகஸ்டில் பஞ்சம் அதிகாரபூர்வமாக உறுதி செய்யப்பட்டது. நகரைச் சுற்றி மண் கரை எழுப்பப்படுவதை யேல் பல்கலைக்கழக ஆய்வகம் செயற்கைக்கோள் படங்களில் அளந்து வெளியிட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் 'அம்பாஸ்' தின்பதை, அதாவது மாட்டுக்குப் போடும் கடலைப் புண்ணாக்கைத் தின்பதை, கைபேசியில் எடுத்து அனுப்பினார்கள். பிறகு அதுவும் தீர்ந்தது. படம் இல்லாமல் இல்லை, தகவல் இல்லாமல் இல்லை. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது, படுகொலை நடந்தது. அந்தப் பதினேழு மாதமும் அங்கே சோறு போட்டவர்கள் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் நடத்திய சமூகச் சமையலறைகள். சூடான் முழுவதும் இத்தகைய சமையலறைகளை நடத்தும் அவசர உதவிக் குழுக்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் கைபேசிச் செயலி வழியாகப் பணம் அனுப்புகிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது நூற்றுக்கணக்கான அடுப்புகள் ஒரேயடியாக அணைந்தன.

எல் ஃபாஷர் பற்றி ஆவணப்படங்கள் வரும். புண்ணாக்கு தின்னும் சிறுவனின் கண்கள் சுவரொட்டியில் இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். முற்றுகையிட்ட படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் அனுப்புவதாக எழுந்த குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று ஐநா நிபுணர் குழு 2024 தொடக்கத்தில் எழுதியது, அமீரகம் மறுக்கிறது. அந்தப் படைத்தலைவரின் குடும்பத்தோடு தொடர்புள்ள அல் ஜுனைத் என்ற தங்க நிறுவனத்தை அமெரிக்கக் கருவூலத் துறை 2023 ஜூனில் தடைப்பட்டியலில் சேர்த்தது. தார்ஃபூர் தங்கம் துபாய்ச் சந்தைக்கு எந்த வழியாகப் போகிறது என்பது வணிகர்களுக்கு ரகசியமில்லை. எல் ஃபாஷரின் பட்டினியைப் படமாக்க நினைக்கிறவர் தம் முதல் காட்சியை அந்தச் சந்தையில் வைக்கலாம். அனுமதி கேட்டுப் பார்க்கட்டும், கிடைக்கிறதா என்று.